ஆறடி தள்ளி ஒரு பார்வை

தைபே கணினிச் சந்தை. மேலாளர் லியாவ் ஆறடி தள்ளி நின்று திரையைப் பார்த்தார்.

"விளையாட்டுக்கு இதைவிட வேகமான கிராபிக்ஸ் கார்டு இல்லீங்க," என்றான் கடைக்காரன்.

"வேகம் யாருக்குய்யா வேணும்? எழுத்து பளிச்சுனு தெரியணும். வேற மாட்டு."

கூட வந்த தட்டச்சர் யூஃபென் குறுக்கிட்டாள். "என் கம்ப்யூட்டருக்குத்தானே சார்? நான் கிட்டத்தானே உட்காருவேன்?"

லியாவ் அடுத்த கார்டை மாட்டச் சொல்லிக் கைகாட்டினார். அலுவலகத்தில் அவருடைய மேஜை அவளுக்குப் பின்னால், சரியாக ஆறடியில் இருந்தது. அலுவலக நேரத்தில் அவள் ரகசியமாகச் செய்யும் வேலையைக் கண்டுபிடித்துவிட்டாரா?

நாலாவது கார்டில் எழுத்துகள் துல்லியமாகத் தெரிந்தன.

"வேவு பாக்கிறீங்களா சார்?" கேட்டேவிட்டாள்.

லியாவ் நெளிந்தார். "நேத்து நல்ல கட்டத்துல எழுத்து மங்கிடுச்சும்மா. உன் தொடர்கதையில அந்தப் பொண்ணு கப்பல் ஏறினாளா, இல்லையா?"