முதலில் தேதி, பிறகு தலைப்பு

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்த கையோடு சுகிர்தா போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ரகு என்றொரு வாசகர் மெயில் அனுப்பியிருந்தார். நேரில் பார்த்தறியாதவர்.

பதிவுகள் பிரமாதம், ஆனால் எது புதிது, எது பழையது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தனி வரி வேண்டும். முதலில் தேதி, பிறகு தலைப்பு. அப்படி இருந்தால்தான் தொடர்கிறவர்களின் செயலி புதுப் பதிவை அடையாளம் கண்டு கொண்டுவந்து சேர்க்கும். பக்கத்தின் மேலே ஒரு பெயரும் இருந்தால் நல்லது.

படம் கிடையாது, விளம்பரம் கிடையாது. வெறும் எழுத்து மட்டுமே உள்ள சின்ன வலைப்பக்கம் அவளுடையது. வந்து படிக்கிறவர்களே கொஞ்சம் பேர்தான். அதில் ஒருவர் தொடர ஆசைப்படுகிறார் என்பதே அவளுக்குப் பெருமையாக இருந்தது.

தலைப்புகள் வைத்தாள்.

'பெயிண்ட் நெடியில் மயங்கி விழுந்தேன்.' 'கழிப்பறைக்குப் பூட்டு.' 'முகமூடி கேட்டேன், சிரித்தார்கள்.'

எல்லாமே 'நான்' என்று எழுதியவை.

தேதிகளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நடந்த அன்றைக்கே சுடச்சுட எழுதியவைதான்.

பெயருக்கு 'கும்மிடிப்பூண்டிக்காரி' என்று போட்டாள். சொந்தப் பெயரைப் போட அவளுக்கென்ன பைத்தியமா?

ரகு சொன்னது சரிதான். படிக்கிறவர்கள் கூடினார்கள். அதில் யாரோ அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் வாட்ஸப் குரூப்பிலும் போட்டுவிட்டார்கள்.

ஹெச்.ஆர். மேனேஜர் பதிவுகளைப் படித்தாரோ இல்லையோ, தேதிகளைப் படித்தார். வருகைப் பதிவோடு வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தார்.

அந்தத் தேதிகளில் ஒன்றில்கூட சுகிர்தா பெயிண்ட் பிரிவில் இல்லை. அவள் பேக்கிங். அதுவும் இரண்டாவது ஷிப்ட்.

அத்தனை தேதியிலும் பெயிண்ட் பிரிவில் வேலை பார்த்தவள் செல்வி ஒருத்திதான்.

வியாழக்கிழமை ஷிப்ட் மாறும் நேரம். கம்பெனி பஸ்ஸைவிட்டு சுகிர்தா இறங்கியபோது, செல்வி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். சீருடையையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டிருந்தார்கள். பக்கத்து ஆரணியில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகப் பிழைக்கிறவள்.

அழுது முடித்த முகம்.

"நான் எழுதலன்னு சொன்னா எவனும் நம்ப மாட்றான் சுகிர்தா. எனக்கு போன்ல பேசத்தான் தெரியும். ஆனா அதுல கீறது பூரா எனக்கு நடந்ததுதான், நான் சொன்ன மாதிரியே கீது. உன்னாண்ட தவிர வேற யாராண்டயும் நான் வாயத் தொறந்ததில்ல."

சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

சுகிர்தாவின் முகத்தையே பார்த்தாள்.

சுகிர்தா பையிலிருந்து தன் அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"டைமாய்ச்சுக்கா," என்று சொல்லிவிட்டு கேட்டுக்குள் நடந்தாள்.