வாய் திறக்காத யப்பான் தாத்தா

இது நான் நேரில் கண்டதில்லை. மாங்கேணிப் பாலசுந்தரி வாழைச்சேனைச் சந்தையில் கருவாடு விற்றபடி சொன்னதை அம்மா கேட்டுவந்து எனக்குச் சொன்னா. தன் தம்பி குஞ்சித்தம்பியைத் திட்டாமல் பாலசுந்தரி ஒரு வசனமும் முடிக்கவில்லையாம்.

குஞ்சித்தம்பியின் மகள் சிவானுஜா தாயில்லாப் பிள்ளை. யப்பானில் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போக ஒரு வகுப்பில் படித்தாள். அங்கே முதியோர் இல்லங்களில், இசையை மட்டும் ஓடவிட்டு மைக்கில் பாடும் கரோக்கிப் பாட்டு முக்கியமாம். அதனால் நேர்முகப் பரீட்சைக்கு ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து வயதான ஓர் ஆணைக் கூட்டிவர வேண்டும். அவர்தான் 'யப்பான் தாத்தா'. அவருக்கேற்ற லேசான யப்பான் பாட்டொன்றைத் தெரிந்தெடுத்துப் பாடவைக்க வேண்டும். சிவானுஜாவுக்கு அவளுடைய அப்பாதான் தாத்தா.

"கிழவனுகளுக்குப் பாட்டுத் தேடுறதும் ஒரு படிப்பா?" பாலசுந்தரி வாயைக் கோணினாள்.

"மாமி, கஷ்டமான பாட்டைக் குடுத்தா இடையில நிண்டுடுவாங்க. மறுகா வெட்கத்தில மைக்கைத் தொடவே மாட்டாங்க. சொல்லுக் குறைவா, மெதுவா, குரலை மேல ஏத்தாத பாட்டா எடுக்கோணும்."

வகுப்பைப் பார்க்கப் போன அன்று குஞ்சித்தம்பி ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"அங்க இரிக்கிற ஆக்கள் எல்லாரும் பாடுவாங்களா ரீச்சர்?"

"எங்க அண்ணே!" யசோதினி ரீச்சர் சிரித்தா. "அரைவாசிப் பேர் வாயே திறக்கமாட்டாங்க. அவங்களோடதான் வேலையே."

"பாத்தியா, பாடாம இரிக்க இப்பயே சாட்டுத் தேடுறான்," என்றாள் கூடப் போயிருந்த பாலசுந்தரி.

அவள் சொன்னபடியே நடந்தது. மகள் போனில் பாட்டைப் போட்டால் அப்பன் மூக்கைச் சொறிந்தார். அவள் அதைவிட லேசான பாட்டொன்று கொண்டுவந்தாள். கூரையைப் பார்த்தார். கடைசியில் இரண்டே சொல் திரும்பத் திரும்ப வரும் ஒரு பாட்டு. அதற்கும் வாய் திறக்கவில்லை.

பாலசுந்தரிக்குப் பொறுக்கவில்லை. கரைவலை இழுக்கும்போது மூச்சுப் பிடித்துப் பாடும் அம்பாப் பாட்டுக்கு அந்தக் கரையில் முன்குரல் குஞ்சித்தம்பிதான். அவர் எடுத்துக்கொடுத்தால்தான் வலை நகரும்.

"அவ்வளவு பேரை இழுக்க வைக்கிற வாய்க்கு இது வராதாமா?"

"எனக்கு வருகுதில்ல அக்கா."

"வருகுதில்லையா, வர விடல்லையா? புள்ள போனா உனக்கு ஆர் சோறாக்குற எண்ட பயம்டா உனக்கு!"

நேர்முகத்துக்கு யப்பானிலிருந்து ஓர் ஆணும் பெண்ணும் வந்திருந்தார்கள். மண்டூர் முருகனின் திருநீற்றை மடியில் முடிந்துகொண்டு பாலசுந்தரியும் போய் வாசலில் நின்றாள்.

மற்றத் தாத்தாக்கள் வெளுத்து வாங்கினார்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று கைதட்டினார்கள். கல்குடாவிலிருந்து வந்தவர் மைக்கைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

"அந்தாளுக்கு ஒரு பல்லில்ல. பாட்டு எப்பிடி வருகுது பார்!" பாலசுந்தரி வாசலில் நின்று பொருமினாள்.

குஞ்சித்தம்பியின் முறை வந்தது. புதுச் சாரம் உடுத்திப் போய்க் கதிரையில் இருந்தார். பாட்டுத் தொடங்கியது. வாய் மூடியே இருந்தது. மறுபடி போட்டார்கள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சிவானுஜாவின் கண் கலங்கியது.

"டேய், பாடித் துலை!" பாலசுந்தரி வாசலில் இருந்து கத்த, ரீச்சர் ஓடிவந்து அடக்கினா.

சிவானுஜா கரோக்கியை நிறுத்தினாள். மைக்கைத் தள்ளி வைத்தாள். அப்பாவின் காலடியில் குந்தி, அவர் கையைப் பிடித்து, அவர் முழங்காலிலேயே மெல்லத் தட்டினாள். சொல்லில்லாமல் ராகத்தை மட்டும் முனகினாள். 'பாடுங்கள்' என்று கேட்கவே இல்லை.

முடியும்போது அவருடைய பெருவிரல் மட்டும் தாளத்துக்கு அசைந்தது. அவ்வளவுதான்.

திரும்பிவரும் பஸ்ஸில் பாலசுந்தரி நிறுத்தவில்லை. "பெத்த புள்ளைட வயித்தில அடிச்சிட்டியேடா! நீயெல்லாம் ஒரு அப்பனா?"

குஞ்சித்தம்பி டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணினார்.

அந்த வகுப்பில் தெரிவானது சிவானுஜா ஒருத்திதான்.

யப்பான்காரர் சொன்னதை ரீச்சர் தமிழில் சொன்னா: "பாடுகிறவருக்கு யாரும் கைதட்டலாம். பாடாதவரோடு இருக்க இந்தப் பிள்ளைக்குத்தான் தெரிந்தது."

"அப்பன் கெடுத்தாலும் முருகன் விடல்ல!" பாலசுந்தரி மண்டூருக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள். இப்போது யப்பானிலிருந்து வரும் சொக்லேட்டைத் தின்றுகொண்டே, "அவன் மனிசனில்ல, கல்லு," என்கிறாளாம்.

இவ்வளவுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு ஓர் ஆளைக் கல்லென்று எழுதப் பயமாக இருந்தது. மாங்கேணிக்குப் போனேன்.

விடிந்து கொஞ்ச நேரம். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். குஞ்சித்தம்பி முன்குரல் எடுக்க, மற்றவர்கள் ஒரே மூச்சாய்த் திருப்பிச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த அம்பா எதுவும் அப்படி இல்லை. அது தமிழே இல்லை.

கயிற்றின் கடைசியில் நின்றவரிடம் கேட்டேன். "என்ன பாட்டு அண்ணே இது?"

"யப்பான் பாட்டாம். இழுக்கச் சோக்கா இரிக்கி."

"மகள் போன பிறகு படிச்சுக் குடுத்தவரா?"

"போன பிறகா?" அவர் கயிற்றை விடாமலே சிரித்தார். "புள்ள இன்டர்வியூவுக்குப் போறதுக்கு முதலே இதுக்குத்தானே இழுக்கிறம். அவள் போனில போட்ட மூண்டு பாட்டும் எங்களுக்கே பாடம்."