மேலே ஏறாத இரண்டு

"மேல உட்கார வேண்டியவன் இன்னும் தரையிலதான் கிடக்கிறான். கண்ணு தெரியலையாம்மா?"

இயக்குநர் கணினித் திரையில் விரலை வைத்து அழுத்தினார். அவர் திட்டியது ஆளை அல்ல, வரைபடத்தின் அச்சோரம் எழுதியிருந்த அலகின் தலையில் சின்ன எழுத்தில் அடுக்காக ஏற வேண்டிய 'மைனஸ் இரண்டை'.

விரிசல் விட்டதென்று மூன்று மாதமாக மூடிக்கிடக்கும் பாலம் எவ்வளவு அதிர்கிறது என்று காட்ட வேண்டிய படம் அது. அதைப் பார்த்துத்தான் நாளைக் காலை பாலத்தைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு. இயக்குநருக்கோ பாலத்தைவிட அந்த இரண்டைப் பற்றித்தான் கவலை. போன அறிக்கையில் அடுக்கு கீழே இறங்கியிருந்ததைப் பார்த்து மேலிடத்தில் யாரோ சிரித்துவிட்டார்களாம்.

பொறியாளர் படம் வரையும் கணினி நிரலில் கூரை மாதிரி ஒரு குறியைப் போட்டு ஓட்டினாள். மைனஸ் மட்டும் மேலே ஏறியது, இரண்டு அசையவில்லை.

"பாதி ஏறிட்டான். மீதி எப்போ, அடுத்த வருஷமா?"

"ரெண்டையும் சேர்த்து அடைப்புக்குறிக்குள்ள போடணும் சார். அப்புறம், அந்தக் கோடு பத்தி ஒண்ணு..."

"கோடு கிடக்கட்டும். முதல்ல எழுத்து."

அடைப்புக்குறி போட்டாள். மைனஸும் இரண்டும் சேர்ந்தே ஏறின, ஆனால் பக்கத்திலிருந்த எழுத்தெல்லாம் சாய்ந்துகொண்டது. அலகின் எழுத்து எங்கேயாவது சாயுமா என்று இயக்குநர் கால்மணி நேரம் பாடம் எடுத்தார்.

நிமிர்த்தினாள். நிரலை ஓட்டும் ஒவ்வொரு தடவையும் படத்தின் கோடு கொஞ்சம் வேறு மாதிரி வளைந்தது. அதைப் பார்க்க அங்கே யாருக்கு நேரம்?

ஏழாவது தடவை எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பா மாதிரி அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"இதுதாம்மா வேலை" என்றவர், கையோடு தொலைபேசியை எடுத்தார். "ஐயா, படம் கையில இருக்கு. கோடு எல்லைக்குள்ளதான் நிக்குது, பாலத்துல ஆட்டமே இல்லை. காலையில தாராளமா வண்டிய விடுங்க. நான் பொறுப்பு."

போனை வைத்துவிட்டுப் பெருந்தன்மையோடு அவள் பக்கம் திரும்பினார். "ஆமா, கோடு பத்தி என்னமோ சொல்ல வந்தியே. இப்போ சொல்லு."

"எழுத்து சரியா வருதான்னு பார்க்க, கம்ப்யூட்டர் தானா போட்டுக்கிட்ட கோடு சார் அது. பாலத்த நாம இன்னும் அளக்கவே போகல."