இருபத்தாறு மஞ்சள் மாத்திரைகள்

அப்பாவுக்கு நாலு டாக்டர், நாலு ஃபைல், தினம் பதினோரு மாத்திரை. ஒரு டாக்டரின் ஃபைலை இன்னொருவரிடம் நான் காட்டியதே இல்லை. இதயத்தைப் பார்ப்பவருக்குத் தூக்கத்தைப் பற்றி என்ன கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மாத்திரைகளை அப்பா மறுபேச்சில்லாமல் விழுங்குவார். மஞ்சள் தூக்க மாத்திரையை மட்டும் விரலால் ஒதுக்கிவிடுவார்.

"இதப் போட்டா கால் தரையில நிக்க மாட்டேங்குதும்மா."

"டாக்டரை விட உங்களுக்கு ரொம்பத் தெரியுமாக்கும்!"

அதன்பிறகு அவருக்குத் தெரியாமல் அதைக் கரண்டியால் நசுக்கி, பாலில் கலக்கிக் கொடுத்தேன். இருபத்தாறு நாள் கொடுத்தேன். அட்டை காலியான மறுநாள் காலையில் அவர் குளியலறையில் விழுந்தார். பிறகு எழவே இல்லை.

ஒரு மாதம் கழித்து, அவருடைய மாத்திரை டப்பாவை அப்படியே மருந்துக் கடைக்கு எடுத்துப் போனேன். மிச்சமிருந்ததைக் கொடுத்துவிடலாம் என்றுதான். கடைக்காரர் டப்பாவைத் திறந்து ஒரு காகிதத்தில் கொட்டினார். மற்றவற்றோடு மஞ்சள் மாத்திரைகளும் விழுந்தன. ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. அவர் அவற்றைத் தனியே ஒதுக்கி எண்ணினார். இருபத்தாறு. காகிதத்தில் ஈரம் பரவியது. பால் வாசனை வந்தது.

"இத மட்டும் அவர் சாப்பிடவே இல்லபோல. நல்லதாப் போச்சு. மத்த மாத்திரையோட இது சேரவே கூடாதும்மா. உங்ககிட்ட யாருமே சொல்லலையா?"

"அப்பா சொன்னாரு" என்றேன்.