பிரிக்க முடியாத செட்

"செட்டைப் பிரிக்கிறதில்லை மேடம்" என்றான் மெர்ல் ஹோஸ்டெட்டர், தலையைத் தூக்காமலே.

எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று காலையில்தான் ஒரு ஜெர்மன் கடற்படை அதிகாரியின் செட்டைப் பிரித்து, குத்துவாளை ஒருவனுக்கும் தொப்பியை இன்னொருவனுக்கும் தள்ளிவிட்டிருந்தான். அமெரிக்காவின் ஆலன்டவுனில், இரண்டாம் உலகப்போர்ப் பொருட்கள் விற்கும் கண்காட்சிக் கூடத்தில் இருபது வருடமாக அவனுக்குப் பக்கத்து மேசை என்னுடையது. அவன் ஜெர்மன் கைத்துப்பாக்கி விற்பவன், நான் ஹெல்மெட்டும் பதக்கமும். அவன் வியாபாரம் எனக்குத் தெரியாதா?

எதிரே நின்ற பெண்ணுக்கு அறுபது வயதிருக்கும். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கையில், மெர்ல் ஆறு மாதம் முன்பு அச்சடித்து அனுப்பிய விலைப்பட்டியல். ஒரு வரியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள்.

"லூகர் கைத்துப்பாக்கி ஒன்று. தோல் உறை. மூடியின் உள்பக்கம் சிப்பாயின் பெயர், எமில் ரோட்டாக்கர். உறைக்குள் மடித்த போட்டோ" என்று படித்தாள். "எமில் ரோட்டாக்கர் எங்கப்பா. என் பேர் ரெனாட்டே."

மெர்லின் கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி துணியால் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தது.

"மில்வாக்கியிலேர்ந்து பஸ்ல வந்திருக்கேன் மிஸ்டர் ஹோஸ்டெட்டர். துப்பாக்கி எனக்கு எதுக்கு? அந்தப் போட்டோ மட்டும் குடுங்க."

"அதான் சொன்னேனே. எல்லாம் சேர்ந்து இருந்தாத்தான் மதிப்பு."

"குண்டு விழுந்தப்ப எங்க வீட்டு ஆல்பமெல்லாம் எரிஞ்சுபோச்சு. அப்பா முகமே எனக்கு ஞாபகம் இல்லை. நாலு வயசுல பார்த்தது. அஞ்சாவது பிறந்தநாளுக்கு ஒண்ணு அனுப்பறேன்னு எழுதியிருந்தாராம். தினம் வாசல்ல தபால்காரருக்காக நிப்பேன். வரவேயில்லை."

எதிர் வரிசையில் தோட்டா டப்பா விலை பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி, மொத்தமாவே வாங்கிக்கறேன்." கைப்பையைத் திறந்தாள்.

மெர்ல் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டான். துப்பாக்கியில் கட்டியிருந்த விலைச் சீட்டை அவள் கண்ணெதிரே பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இது விற்பனைக்கு இல்லை."

"யோவ் மெர்ல்! அந்தம்மாகிட்ட குடுத்துத் தொலையேன்யா" என்றார் தோட்டா வாங்க வந்தவர்.

"நீ உன் டப்பாவைப் பாரு."

"ஒரே ஒரு தடவை காட்டவாவது காட்டுங்க. தொடக்கூட மாட்டேன்."

"இங்கே இல்லை. வீட்டு லாக்கர்ல இருக்கு."

பொய். அவனுடைய இடது கை பழைய சுருட்டு டப்பா ஒன்றின் மேல் அழுந்திக் கிடந்தது. காலையிலிருந்தே அந்த டப்பாவை அவன் யாரையும் தொடவிடவில்லை.

அவள் கைப்பையை மூடினாள். குரல் உயரவில்லை. "எங்கப்பாவை அமெரிக்காக்காரங்க நீங்க ரெண்டு தடவை பிடிச்சிட்டீங்க. ஒரு தடவை சண்டையில. இப்ப இந்தக் கண்ணாடிப் பெட்டியில."



நாலு எட்டு போனவள் திரும்பி வந்தாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்கப்பா எப்பவும் சிரிச்ச முகம்னு அம்மா சொல்வாங்க. அந்தப் போட்டோல சிரிக்கிறாரா?"

மெர்ல் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"ஆமா மேடம். நல்லாச் சிரிக்கிறார்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். 'நன்றி' என்றுகூடச் சொன்னாள். கூட்டத்துக்குள் அந்தக் கோட்டு மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"த்தூ! நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்றேன். "குத்துவாளைப் பிரிக்கத் தெரியுது. பெத்த பொண்ணுக்கு ஒரு துண்டுப் படத்தைப் பிரிச்சுக் குடுக்கக் கை வரலை. இருபது வருஷம் உன் பக்கத்துல உக்காந்ததுக்கு எனக்கே கூசுது. அடுத்த தடவை வேற மேசை கேட்டுக்கறேன்."

"கேட்டுக்கோ."

சுருட்டு டப்பாவை என் பக்கம் தள்ளினான்.

"பட்டியல் அடிச்சப்ப நான் மடிப்பைப் பிரிச்சே பாக்கலை. போன வாரந்தான் பிரிச்சேன். பின்னால இருக்கற ஜெர்மன் எழுத்துக்கு எங்க பாதிரியார் அர்த்தம் எழுதிக் குடுத்தார். எழுதினவர் அதுக்கப்புறம் என்கூட ஒரு வார்த்தை பேசலை."

திறந்தேன். மூன்றாக மடிந்து வெளுத்த சின்னப் படம்.

எமில் ரோட்டாக்கர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கையில் லூகர். காலடியில் நீளமான குழி. குழியின் விளிம்பில் முதுகைக் காட்டியபடி, உள்ளாடையோடு, வரிசையாகப் பெண்கள். கடைசியில் நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண்.

இந்தக் கூடத்தில் இந்தப் படம் என்ன விலைக்குப் போகும் என்று என் மனம் ஒரு கணம் கணக்குப் போட்டது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

படத்தைத் திருப்பினேன். மங்கிய மை எழுத்து. அதோடு குத்தியிருந்த சீட்டில் பாதிரியாரின் பென்சில் எழுத்து.

'என் செல்ல ரெனாட்டேவுக்கு, ஐந்தாவது பிறந்தநாள் முத்தங்கள். அப்பா வேலை பார்க்கும் இடம் இதுதான்.'