மூன்றாம் தூணில் கூடுதல் பூச்சு

பூச்சின் கனம் காட்டும் கருவியை மூன்றாம் தூணில் வைத்ததும் இன்ஜினியர் எபிசனின் முகம் மாறியது. கடற்கரை மீன் ஏலக்கூடத்தின் மற்றத் தூண்களில் உப்புக்காற்றுக்கு அடித்த பூச்சு முந்நூறு மைக்ரான். இதில் மட்டும் அறுநூறு!

“விரிசலைத்தான மறைச்சிருக்கீரு வேய்?” என்று வயதான பெயின்டர் ஏசுஅடிமையிடம் சத்தம் போட்டான்.

“விரிசல் ஒண்ணும் இல்ல சாறே. கனம் பாத்தாச்சுல்லா, சுரண்டாண்டாம்.”

“கள்ளன் இப்படித்தான் பேசுவான்!”

மீன் விற்க வந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் தலைகுனிந்து நின்றார். எபிசன் கத்தியை எடுத்துத் தானே சுரண்டினான். வெள்ளைப் பூச்சு உரிய உரிய, யாரோ எப்போதோ தாரால் எழுதிவைத்த கறுப்பு எழுத்துகள் தெரிந்தன.

‘கடல் மணல்ல கெட்டின கள்ளன் ரசலையன்.’

ஏசுஅடிமை மெதுவாகச் சொன்னார்: “ரெண்டு கோட்டு அடிச்சும் தாரு மேல வந்துச்சு. செக்கிங்குக்கு நீங்கதான் வாறியன்னு அறிஞ்ச பொறவு, இன்னும் ரெண்டு கோட்டு அடிச்சேன் சாறே.”

பெண்கள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். சோதனைப் படிவத்தில் அவன் காலையிலேயே எழுதிவைத்த முழுப்பெயர் இருந்தது: எபிசன் ரசலையன். அதில் அப்பாவின் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டான்.