செங்கல்

பிலடெல்பியா ஸ்டுடியோவில் வெண்டெல் டிரம்ஸ் வாசிப்பான், நான் பேஸ் கிட்டார். கறுப்பர்களின் சோல் பாட்டுதான் எங்கள் பிழைப்பு. அவன் தாளத்தில் ஒரு தட்டு விடாமல் எல்லாவற்றையும் பெரிய டிரம்மின் பெடலில் காலாலேயே மிதிப்பான். அந்த மிதிக்குத்தான் இப்போது நியூயார்க்கில் ஜனம் விடிய விடிய ஆடுகிறது. அந்த ஆட்டத்துக்குப் பெயர் டிஸ்கோவாம். ரெக்கார்டு உறையில் பாடுகிறவர் பெயர் மட்டும்தான் இருக்கும்.

அவன் மிதிக்க மிதிக்க, பெரிய டிரம் தரையில் நகர்ந்துவந்து என் முழங்காலில் இடிக்கும். அதனால் அதன் முன்னால் ஒரு செங்கல்லை வைத்தேன்.

"வரட்டும் விடுடா. அதுக்கு உன்மேல ஆசை" என்பான்.

போன குளிர்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டான். அவனுடைய டிரம்ஸ் மூலையில் போர்வை மூடிக் கிடக்கிறது. தினமும் காலையில் டிரம்மும் செங்கல்லும் என் நாற்காலிப் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கின்றன.

"பெருக்குறப்ப இடிச்சிட்டியா எர்லீன்?" என்று ஸ்டுடியோவைப் பெருக்க வருகிறவளிடம் கேட்டேன்.

"நான் அந்தப் பக்கமே போறதில்லப்பா. போர்வையைப் பார்த்தாலே மனசு கேக்கல" என்றாள்.

இன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் செங்கல்லை எடுத்து வெளியே வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீட்டிக்கொண்டேன்.

"வாடா" என்றேன்.